கரம் பலகை மேல் ஒரு மணித்தியாலம்

என்னுடைய பிரியாவிடையையும் புதிய இயந்திரத்தின் வரவேற்பையும் ஒரே நாளில் வைத்துவிட்டார்கள். இரண்டு விழாவுக்கு இரண்டு தரம் வடை சுட வேண்டுமே என்ற யோசனைதான். நீள மேசையின் ஒரு முனையில் நான், மறுமுனையில் அது. எனக்கு ஒரு மாலை. அதற்கு மாலையும் சந்தனப் பொட்டும். முப்பத்திரண்டு வருடம் இரத்தம் பரிசோதித்தவனுக்குப் பொட்டு வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் இதை மனத்தாங்கலாகச் சொல்லவில்லை. இயந்திரத்துக்கு நெற்றி எது என்று தேடி இரண்டு பேர் வாக்குவாதப்பட்டதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்கு நேரம் நன்றாகவே போயிற்று.

இளையவர்கள் ஒரு மலர் வெளியிடுகிறார்களாம். “சேர், ஈ.எஸ்.ஆர் பாக்க முந்தி ஏன் ஒரு மணித்தியாலம் எடுத்த எண்டு ஒரு பக்கத்தில எழுதித் தாங்க, இப்ப வாறாக்களுக்கு அது தெரியாது” என்று கேட்டார்கள். ஒரு பக்கத்தில் முடிகிற விஷயமில்லை. அதில் என்னுடைய மானம் போன கதையும் இருக்கிறது. வைத்தியசாலை வாவிக்கரையில் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெயரை ஏன் சொல்லவில்லை என்பது வாசித்து முடிக்கும்போது விளங்கும்.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கொழும்பில் இரண்டு வருடம். கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை வாயால் உறிஞ்சி அளக்கப் பழகினோம். சிலவேளை அது வாய்வரை வந்தது. மூட்டுவாதத்துக்கான ஒரு பரிசோதனைக்கு அப்போது செம்மறியாட்டின் இரத்தம் வேண்டும். அதற்காக ஒரு செம்மறி இருந்தது. எங்களில் யாரையும்விட ஒழுங்காக அது வகுப்புக்கு வந்தது. இதையெல்லாம் நினைத்து ஏங்குகிற ஆள் நானில்லை. வாயால் உறிஞ்சுகிற முறை ஒழிந்த நாளில் இரண்டு தரம் பல் துலக்கினேன்.

ஈ.எஸ்.ஆர் என்பது உலகத்திலேயே மிகச் சோம்பேறித்தனமான பரிசோதனை. உறையாமல் தடுக்கும் மருந்தோடு இரத்தத்தைக் கலந்து, ஓர் அடி நீளமான மெல்லிய கண்ணாடிக் குழாயில் பூச்சியக் கோடு வரை இழுத்து, தாங்கியில் செங்குத்தாக நிறுத்திவிட்டு, ஒரு மணித்தியாலம் ஒன்றுமே செய்யாமல் இருக்க வேண்டும். சிவப்பணுக்கள் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீர் எத்தனை மில்லிமீற்றரோ அதுதான் முடிவு. உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் ஈரல் ஒருவகைப் புரதத்தை அளவுக்கு மீறி இரத்தத்தில் விடும். அது சிவப்பணுக்களைச் சில்லறைக்காசு அடுக்கியதுபோல ஒட்டவைக்கும். தனித்தனியாக இறங்குவதைவிடக் கூட்டமாக இறங்கினால் வேகம். ஆகவே எண் இருபதைத் தாண்டிக் கூடினால் எங்கோ அழற்சி. அந்த எங்கோ எது என்பதை வைத்தியர்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

ஒரேயொரு நிபந்தனை, குழாய் நிமிர்ந்து நிற்க வேண்டும். கொஞ்சம் சரிந்தாலும் போதும், அணுக்கள் கீழ்ப்பக்கச் சுவரில் சறுக்கிக்கொண்டு ஓடும். நல்ல ஆரோக்கியமான ஆளுக்கும் கடதாசியில் நோய் வருத்தம் வந்துவிடும்.

இதை எங்கள் பொறுப்பாளர் கந்தப்பிள்ளை சேரைவிட நம்பிய ஒருவரை நான் காணவில்லை. தாங்கியின் அடியில் மட்டம் பார்க்கும் குமிழி ஒன்று இருந்ததுதான். அது நான் வேலைக்கு வருமுன்னரே காய்ந்துபோயிருந்தது. அதனால் சேர் தன் சட்டைப்பையில், பேனைகளுக்கு நடுவில், மேசன்மார் வைத்திருக்கும் ரசமட்டத்தில் ஆகச் சின்னது ஒன்றை வைத்திருந்தார். காலையில் வந்ததும் மேசையில் அதை வைப்பார். பச்சைத் தண்ணீருக்குள் குமிழி நடுக்கோட்டில் வந்து நிற்கும்வரை கையொப்பம் இடமாட்டார். பழக்கம் முற்றிப்போய் அலுவலகக் கலண்டர், தன் சோற்றுப்பெட்டி, பிரதம எழுதுவினைஞரின் கதிரை எல்லாவற்றுக்கும் மட்டம் பார்ப்பார். ஒரு கலியாண வீட்டில் குத்துவிளக்கின் அடியில் அவர் வைத்துப் பார்த்ததை நானே கண்டேன். பொம்பிளை வீட்டார் அதை ஏதோ சடங்கு என்று நினைத்து, மாப்பிள்ளையின் பக்கத்து விளக்குக்கும் வைக்கச் சொன்னார்கள்.

அவர் யாரையும் ஏசியதில்லை. பிழை கண்டால் “ஆறுதலாப் பாருங்க” என்பார். அதைக் கேட்டால் ஏச்சு வாங்கியிருக்கலாமே என்று இருக்கும்.

பதினாறு வருடங்களுக்கு முன்பு சேர் மகளின் பிள்ளைப்பேற்றுக்காக ஒரு மாத லீவில் திருகோணமலைக்குப் போனார். பொறுப்பு எனக்கு வந்தது. ரசமட்டம் அவருடைய சட்டைப்பையோடு போய்விட்டது.

இங்கே எறும்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீரிழிவுக்காரரின் சிறுநீரில் சீனி இருப்பது எங்களைவிட எறும்புக்கு முதலில் தெரிந்துவிடும். அதனால் எங்கள் மேசைக் கால்கள் நான்கும் தண்ணீர் ஊற்றிய தகர ரின்களுக்குள் நின்றன. உப்புக்காற்றில் சுவர்ப்பக்கத்து ரின் இரண்டும் கறள் பிடித்து ஓட்டையாகிவிட்டன. சேர் போன கிழமை ஆய்வுகூடச் சிற்றூழியர் சின்னத்தம்பி அண்ணன் அவற்றை எறிந்துவிட்டுப் பெரிய பால்மா ரின் இரண்டு கொண்டுவந்தார். கால் ஆழத்துக்குப் போய் ஊறிவிடக் கூடாது என்று, உள்ளே கூரை ஓட்டுத் துண்டுகளை அடுக்கி அதன்மேல் காலை வைத்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நானும் குனிந்து பார்த்து “நல்ல வேலை அண்ணன்” என்று சொன்னேன். மேசையின் பின்பக்கம் இரண்டு விரற்கிடை உயர்ந்துவிட்டது என்பது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

அந்தக் கிழமையே ஊருக்கு வருத்தம் வந்தது.

வந்தவருக்கெல்லாம் ஈ.எஸ்.ஆர் கூட. கை உளைவு என்று வந்தவர், கால் உளைவு என்று வந்தவர், வேலைக்கு மருத்துவச் சான்றிதழ் எடுக்க வந்து ஒன்றும் உளையாதவர், எல்லாருக்கும் கூட. அப்போது புதிதாக வந்திருந்த வைத்திய நிபுணர் டொக்டர் ரவீந்திரன் கெட்டிக்காரர், ஆனால் அவசரக்காரர். நடந்துகொண்டே நோய் பார்ப்பார். நோயாளி கதிரையில் உட்காருவதற்குள் மருந்துத் துண்டு எழுதி முடிந்திருக்கும். அவர் என் முடிவுகளை விரித்து வைத்துக்கொண்டு, “இந்த வாவியில என்னமோ இருக்கு” என்றார்.

அந்த ஒரு வசனம் எந்தக் கதவால் வெளியே போனதோ தெரியாது. மூன்றாம் நாள், வாவி இறால் தின்றால் மூட்டு வீங்கும் என்று ஊர் முழுக்கக் கதை. சந்தையில் இறால் அழுகியது. மீனவர் சங்கத் தலைவர் நான்கு பேரோடு ஆய்வுகூடத்துக்குள் வந்துவிட்டார். “எங்கட இறாலுக்குப் பழி போட்டவன் ஆர்? நாப்பது வருசமாத் திண்ட உடம்பு இது. எடுங்க ரத்தத்த!” என்று கையை நீட்டினார். எடுத்தேன். நாற்பத்தாறு. வரும்போது நெஞ்சை நிமிர்த்தி வந்தவர், போகும்போது இரண்டு பேரின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிப் போனார்.

டொக்டர் தன் இரத்தத்தையும் கொடுத்தார். முப்பத்தெட்டு. அன்றிலிருந்து அவர் மாடிப்படியில் கைபிடியைப் பிடித்து ஏறினார். நான் என்னுடையதையும் பார்த்தேன். நாற்பத்தொன்று. எண்ணை எழுதி முடிக்குமுன் இடது முழங்கால் குத்தத் தொடங்கியது. வீட்டில் மனைவி நல்லெண்ணெய் சூடாக்கித் தேய்த்துவிட்டா.

ஊர் முழுவதற்கும் ஒரே வருத்தம் என்றால் முதலில் மேசையைச் சந்தேகிக்க வேண்டும். நான் வாவியைச் சந்தேகித்தேன். அந்த நாட்களில் மேசையில் வைத்த பேனை ஒவ்வொன்றும் உருண்டு என் மடியில் விழுந்தது. ஒவ்வொரு முறையும் பேனையைத்தான் ஏசினேன்.

மூன்றாவது கிழமை சுபைதா ராத்தா வந்தார். காத்தான்குடியில் கைத்தறி நெய்பவர், ஐம்பதை நெருங்கிய வயது. கணவர் மௌத்தாகி, கடைசி மகள் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் உழைத்தது அவருடைய பத்து விரல்கள்தாம். அந்த விரல்கள்தாம் வீங்கியிருந்தன. முதல் தடவை பார்த்தபோது ஈ.எஸ்.ஆர் மிகவும் கூட. இரண்டாம் முறையும் அப்படியே இருந்தால் மூட்டுவாதத்துக்கு மருந்து தொடங்கலாம் என்று டொக்டர் அனுப்பியிருந்தார். இரத்தம் எடுத்துவிட்டுப் பின்னேரம் வரச் சொன்னேன். ராத்தா அசையவில்லை.

“என்ட ரத்தம் இங்க கிடக்கக்க நான் எங்க போற தம்பி?” என்று கதவோரத்து வாங்கில் உட்கார்ந்துகொண்டார்.

அரை மணித்தியாலம் போயிருக்கும்.

“தம்பி, இந்தக் குழாயெல்லாம் ஏன் முன்னுக்குக் குனிஞ்சு நிக்கி?”

“குனியல்ல ராத்தா, நேராத்தான் நிக்குது.”

“நான் முப்பது வரிசமா நூல் நேரா ஓடுதா எண்டு பாக்கிற ஆள். அந்தக் கதவு நிலையோட ஒத்துப் பாருங்க. உங்கட மேசை சரிஞ்சிரிக்கி.”

சிரித்துக்கொண்டே எழும்பிப்போய் அவர் பக்கத்தில் நின்று பார்த்தேன். சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. மேசையில் பேனையை வைத்தேன். உருண்டு நிலத்தில் விழுந்தது. குனிந்து பின்பக்கத்து ரின்களைப் பார்த்தேன். மூன்று கிழமையில் எழுதி அனுப்பிய முடிவுகள் எல்லாம் கண்முன்னே வந்தன.

சின்னத்தம்பி அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் ரின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“எறும்பு ஏறினதா?”

“இல்ல.”

“அப்ப என்ன பிழை?”

டொக்டரிடம் போய் நானே சொன்னேன். வாவியை ஆராய ஆட்களை அனுப்பும்படி கொழும்புக்கு எழுதிய கடிதத்தை அவர் அப்போதுதான் உறையில் போட்டுக்கொண்டிருந்தார். உறையோடு சேர்த்து நான்காகக் கிழித்தார். மூன்று கிழமை முடிவுகள் எல்லாவற்றிலும் நான் சிவப்பு மையால் ‘செல்லாது’ என்று எழுதினேன்.

ஊர் அன்றே சுகமாகியது. மீனவர் சங்கத் தலைவர் துவிச்சக்கர வண்டியில் வந்து ஒரு பை இறாலை என் மேசையில் வைத்துவிட்டு, முறைத்துப் பார்த்துவிட்டுப் போனார். டொக்டர் கைபிடியை விட்டுவிட்டு இரண்டு இரண்டு படியாக ஏறினார். என் முழங்காலும் சுகம். மனைவிதான் எண்ணெயின் மகிமை என்று இன்றுவரை நம்புகிறா.

சுகமாகாத ஒரேயொரு ஆள் மேசை சரிந்ததைக் கண்டுபிடித்தவர்தான்.

டொக்டர் எல்லாருடைய கிளினிக் அட்டைகளையும் வாங்கி, மூட்டுவாதம் என்று எழுதியதை எல்லாம் வெட்டி, தேய்வு என்று எழுதிவிட்டார். சுபைதா ராத்தாவின் அட்டையிலும் அதுவே. வயது ஐம்பது, கையால் வேலை செய்கிறவர், விரல் தேயாமல் என்ன செய்யும்? தைலமும் வலிக் குளிசையும் கொடுத்து அனுப்பினார். ராத்தா ஆய்வுகூட யன்னலில் வந்து நின்று அட்டையை நீட்டினார்.

“தம்பி, மேசை சரிஞ்சிரிக்கி எண்டு நான் சொன்னதாலதான் என்ட வருத்தம் இல்லாமப் போன?”

தேய்வு என்றால் தைலத்தோடு காலம் தள்ளலாம். மற்றதென்றால் மாதத்துக்கு மாதம் மூட்டு அரித்துக்கொண்டு போகும். விரல்கள் கோணிய பிறகு எந்த மருந்தும் அவற்றை நிமிர்த்தாது. கோணிய விரலால் அறுந்த நூலை முடிய முடியாது, முடியாவிட்டால் தறி இல்லை. நான் அவரை உள்ளே கூப்பிட்டு இன்னொரு முறை இரத்தம் எடுத்தேன். ஓட்டுத் துண்டுகளை எடுத்துவிட்டதில் இப்போது மேசை பழைய மட்டத்தில் நின்றது. முடிவு எண்பத்திரண்டு.

கடதாசி டொக்டரிடம் போய்த் திரும்பி வந்தது. கீழே ஒரு வரி: ‘எந்த மேசையில்?’

அடுத்த நாள் இரத்தம் எடுத்து யன்னலோர மேசையில் வைத்துப் பார்த்து அனுப்பினேன். எண்பத்தைந்து. திரும்பி வந்தது. ‘அது எந்த மேசை?’

மூட்டுவாதத்துக்கென்றே இன்னொரு பரிசோதனை இருந்தது. அதைவிட விசித்திரமான சங்கதி மனித உடம்பில் இருக்குமா என்று தெரியாது. கிருமியைப் பிடிக்க உடம்பு பிறபொருளெதிரி என்று ஒன்றைச் செய்யும். இந்த நோயாளர் பலரின் இரத்தத்தில் அந்தப் பிறபொருளெதிரியையே பிடிக்கிற பிறபொருளெதிரி இருக்கும். பொலிஸைப் பிடிக்கப் பொலிஸ் மாதிரி. ராத்தாவின் இரத்தத்தில் அதைத் தேடினேன், இல்லை. அது இல்லாமலும் நோய் வரலாம். இன்னுமொரு நுட்பமான பரிசோதனைக்குக் கொழும்புக்கு அனுப்பினேன், ஆனால் பதில் வர மாதக்கணக்காகும். ஆக, அவருக்காகப் பேச என் குழாய் மட்டும்தான் இருந்தது. அதன் பேச்சை யாரும் நம்பவில்லை. நம்பாதவரைக் குறை சொல்லவும் எனக்கு வாயில்லை.

அடுத்த திங்கட்கிழமை கந்தப்பிள்ளை சேர் பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்து சேர்ந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். ரின்களைப் பார்த்தார். ஓட்டுத் துண்டுகளைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்தார்.

“ஆறுதலாப் பாத்திருக்கலாம்” என்றார். மேசை சரிந்ததைக் கண்ட நாள் முதல் நான் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான்.

பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு டொக்டரிடம் போனார்.

“டொக்டர், எந்த மேசையில வச்சா நீங்க நம்புவீங்க?”

டொக்டர் நடந்துகொண்டே, “இந்த ஆஸ்பத்திரியில மட்டமான இடம் ஒண்டு காட்டுங்க, நம்புறன்” என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். சேருக்குக் கிண்டல் விளங்காது. அவர் சட்டைப்பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்தார்.

அன்று காலை முழுவதும் நாங்கள் வைத்தியசாலையை மட்டம் பார்த்தோம். நான் கொப்பியில் எழுதினேன். பணிப்பாளரின் மேசை வடக்கே சாய்வு. சத்திரசிகிச்சைக் கூடம் கொஞ்சம் தெற்கே. மருந்து கொடுக்கும் இடம் இரண்டு பக்கமும். பிரேத அறையில் தண்ணீர் வடிவதற்காக வேண்டுமென்றே சரித்துக் கட்டியிருக்கிறார்கள், அதைச் சேர் பாராட்டினார். கட்டடமே வாவிமணலில் நிற்கிறது, அறைக்கொரு பக்கம் அமிழ்ந்துகொண்டிருக்கிறது. பிரசவ விடுதியில் ஒரு தாதி மிஸி எங்களைப் பார்த்து, “தொட்டில் எல்லாம் ஒரு பக்கமா உருளுது சேர், அதையும் எழுதுங்க” என்றா. எழுதினேன்.

கடைசியில் அம்புலன்ஸ் சாரதிமாரின் ஓய்வறை. நடுவில் கரம் பலகை. மூத்த சாரதி மைக்கல் அண்ணன், மாவட்டத்திலேயே அவரை அடிக்க ஆளில்லை, ஸ்ரைக்கரோடு குனிந்திருந்தார். சேர் பலகையில் ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுவில் வந்து நின்றது. திருப்பிக் குறுக்கே வைத்தார். நடுவில் நின்றது. ஒரு மயிரிழை அசையவில்லை.

“அது எப்பிடி?” என்றேன்.

“காய் தானா உருண்டா சண்டை வரும்கா” என்றார் மைக்கல் அண்ணன். “நாலு காலுக்கும் சிகரெட் மட்டை மடிச்சு வச்சு, ரெண்டு மாசம் பாத்துப் பாத்துச் செஞ்ச.”

மறுநாள் காலை ஒன்பதரைக்குச் சுபைதா ராத்தாவின் இரத்தம் கரம் பலகையின் நடுவட்டத்தில் நின்றது. பவுடரைத் துடைக்க வேண்டும் என்று சேர் சொன்னதற்கு மைக்கல் அண்ணன் முகத்தைச் சுளித்தார். காற்று அடிக்கக் கூடாது, மின்விசிறியை நிறுத்தினோம். வெயில் படக் கூடாது, யன்னலைச் சாத்தினோம். மேசை அதிரக் கூடாது, நடந்து திரிய வேண்டாம் என்றோம்.

“டொக்டர், இது காய் அடிக்கிற இடம். ரத்தம் வைக்கிற இடமில்ல” என்றார் மைக்கல் அண்ணன், எட்டிப் பார்க்க வந்த டொக்டரிடம்.

“ஒரு மணித்தியாலம்தான் மைக்கல்.”

“ஒரு மணித்தியாலத்தில மூண்டு கேம்.”

சேர் வாசலில் நின்று, “நீங்க இருந்து பாக்காம நாங்க வாசிக்க மாட்டம் டொக்டர்” என்றார். டொக்டர் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன். பலகைக்கு ஒரு பக்கம் டொக்டர், எதிரே ராத்தா, மற்ற இரண்டு பக்கமும் சேரும் மைக்கல் அண்ணனும். நாலு கை விளையாட உட்கார்ந்தவர்கள் போலத்தான் இருந்தது.

பத்து நிமிடம் டொக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த ஐந்து நிமிடம் கூரையைப் பார்த்தார். அதற்குமேல் பார்க்க ஒன்றுமில்லாமல் பலகையின் ஓரத்தில் இருந்த ராத்தாவின் கையைப் பார்த்தார்.

“காலமையில கை எப்பிடி இருக்கும்?”

“சுபஹுத் தொழுகைக்கு எழும்பினா விரல் மடங்காது டொக்டர். ஒழு எடுக்கக்க உள்ளங்கையில தண்ணி நிக்காது, எல்லாம் ஒழுகிப் போகும்.”

“எவ்வளவு நேரத்துக்கு?”

“மீன்காரன்ட ஹோன் கேக்குமட்டும்.”

“அது எத்தினை மணி?”

“அவன் ஏழரைக்கு வருவான். வெள்ளிக்கிழமை வாறல்ல. அண்டைக்கு எனக்கு எப்ப சுகமாகிற எண்டே தெரியாது.”

சேர் மெதுவாக, “ஐஞ்சு மணியிலிருந்து ஏழரை. ரெண்டரை மணித்தியாலம்” என்றார்.

டொக்டர் கதிரையை முன்னே இழுத்தார். மேசை அதிர்ந்தது என்று சேர் இருமினார்.

“எனக்கும் காலையில விரல் பிடிக்கிறதான் டொக்டர்” என்றார் மைக்கல் அண்ணன், விட்டுக்கொடுக்காமல்.

“எவ்வளவு நேரம்?”

“ஸ்ரியரிங்க ரெண்டு தரம் திருப்பினா விட்டிரும்.”

டொக்டர் இரண்டு பேரின் கைகளையும் பலகை ஓரத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னார். மைக்கல் அண்ணனின் விரல் நுனி மூட்டுகளில் கல்லுப்போல முண்டுகள். “இதுதான் தேய்வு” என்றார். “எலும்பு முனையில வழுவழுப்பா ஒரு குருத்தெலும்பு இருக்கு. அது ரயர் மாதிரிச் சும்மா தேயிறதில்ல. அதுக்குள்ள இருக்கிற உயிரணுக்களே நிலை குழம்பி, குருத்தெலும்பைக் கரைக்கிற சாறை விடும். எலும்பு அதைச் சரிக்கட்டப் பாத்து, தேவையில்லாத இடத்தில புதுசா வளரும். அதுதான் இந்த முண்டு.”

பிறகு ராத்தாவின் விரல்களை அமத்திப் பார்த்தார். நுனி மூட்டுகள் சுத்தமாக இருந்தன. கையோடு சேரும் மூட்டுகளும் நடு மூட்டுகளும் வீங்கியிருந்தன, இரண்டு கையிலும் ஒரே மாதிரி. அமத்தினால் மெத்தென்று இறங்கியது. ராத்தா பல்லைக் கடித்தார். டொக்டர் அமத்துவதை நிறுத்தினார்.

“இங்க குருத்தெலும்பு முதல் குற்றவாளி இல்ல. மூட்டைச் சுத்தி ஒரு மெல்லிய சவ்வு இருக்கு, அது வீங்கியிருக்கு. கிருமியோட சண்டை பிடிக்க உடம்பில ஒரு படை இருக்கு. அது சொந்த மூட்டையே பிற ஆள் எண்டு நினைச்சு அடிக்குது.”

“என்ட படை எனக்கே ஏன் டொக்டர் அடிக்கிற?”

“அது இன்னும் ஒருத்தருக்கும் முழுசாத் தெரியாதம்மா” என்றார். தெரியாது என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

பத்தரைக்குச் சேர் தலையசைத்தார். டொக்டரே குனிந்து வாசித்தார்.

“எண்பத்திநாலு.”

“கரம் போட்டில இது நல்ல ஸ்கோரா டொக்டர்?” என்றார் மைக்கல் அண்ணன். முதலில் சிரித்தது சுபைதா ராத்தாதான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

நான் கவனித்தது வேறொன்று. முடிவை எழுத ராத்தாவின் அட்டையை வாங்கினேன். அதில் தேய்வு என்ற சொல் ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தது. மருந்தும் எழுதியாயிற்று. டொக்டர் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், இரத்தம் இன்னும் பாதிவழி இறங்கிக்கொண்டிருந்தபோதே எழுதியிருக்கிறார். குழாய் சொல்லும்வரை அவர் காத்திருக்கவில்லை.

கிழமைக்கு ஒரு தரம் மட்டும் எடுக்கும் குளிசை. இரண்டு மாதம் கழித்துக் கொழும்பிலிருந்து வந்த முடிவும் அதையே சொன்னது. மீன்காரனின் ஹோனுக்கு முன்பே விரல் மடங்குகிறது என்று ராத்தா வந்து சொன்ன அன்று, நான் ஆய்வுகூடத்துக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தேன். சேர் அடுத்த வருடம் ஓய்வுபெற்றார். ரசமட்டத்தை எனக்குத் தருவார் என்று எதிர்பார்த்தேன். “கடையில இருக்கு, வாங்குங்க” என்றார்.

இனிப் புதிய இயந்திரத்துக்கு வருகிறேன்.

மாலையும் பொட்டுமாக அது இருந்தபோது, மாதாந்தப் பரிசோதனைக்குச் சுபைதா ராத்தா வந்தார். எனக்கு உடுத்த ஒரு சாரம் கொண்டுவந்தார், அவரே நெய்தது. இயந்திரத்தின் முதல் இரத்தம் அவருடையதாகட்டும் என்றேன். கொழும்பிலிருந்து வந்திருந்த கம்பனிக்காரர் குழாயை உள்ளே வைத்து, கண்ணாடி மூடியை மூடினார். ராத்தா குனிந்து உள்ளே பார்த்தார்.

“தம்பி, இதிலயும் சரிஞ்சுதானே நிக்கி?”

நான் குனிந்து பெட்டியின் அடியைப் பார்த்தேன். கம்பனிக்காரரோ பெருமையாகச் சிரித்தார். “வேணுமெண்டுதான் சரிச்சிருக்கம்மா. சரிச்சு வச்சா கெதியா இறங்கும். எவ்வளவு சரிவு எண்டு மெசினுக்குத் தெரியும், அதுக்கேத்த மாதிரிக் கணக்குப் பாத்துச் சொல்லும்.”

சின்னத்தம்பி அண்ணன் இரண்டு பால்மா ரின்னிலும் ஓட்டுத் துண்டிலும் செய்ததை ஒரு கம்பனி பெட்டிக்குள் வைத்து விற்கிறது. நான் சிரித்த சிரிப்பில் மாலையிலிருந்து பூ கொட்டியது. ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை, ராத்தாவைத் தவிர.

“எவ்வளவு நேரமாகும்?” என்று கேட்டார்.

“இருபது நிமிசம்.”

ராத்தா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெட்டியைப் பார்த்தார். “இருபது நிமிசத்தில நான் என்னத்தச் சொல்லி முடிக்கிற?”

இருபதாம் நிமிடம் கடதாசி வெளியே வந்தது. பதினெட்டு. நல்ல முடிவு. எல்லாரும் கைதட்டினார்கள். “ராத்தா, நீங்க இனிப் போகலாம்” என்றாள் கடதாசியைக் கிழித்துக் கொடுத்த பிள்ளை.

ராத்தா போகவில்லை. கடதாசியை மடித்து வைத்துவிட்டுக் கைகளை மடியில் விரித்தபடி இருந்தார். எனக்கென்று பூக்கட்டி வைத்திருந்த கதிரையை இழுத்து அவருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தேன்.

“சொல்லுங்க ராத்தா, மீன்காரன் இப்ப எத்தினை மணிக்கு வாறான்?”